பெரியப்பாவின் புல் மிஷின்

அந்த மிஷின் வந்து இறங்கிய அன்று வாசலில் நின்றவர்கள் பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான், அதைத் தள்ளுவண்டியில் போட்டு ஏலம் நடந்த வீட்டிலிருந்து நெல்லித்தோப்பில் எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்த ஆள், அப்புறம் வேடிக்கை பார்க்கத் திரண்ட பாதித் தெரு. இல்லாதவர் அப்பா. அவர் சைகோனில் இருந்தார். பெரியப்பா இருபது வருஷம் காவல் காத்த அதே சிறைக்கூடத்தில், பெரியப்பா விட்டுவந்த இடத்தில், தற்காலிகமாக நின்றுகொண்டிருந்தார். தற்காலிகம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

முப்பத்தாறில் மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அதற்கு முந்தின வருஷம். எனக்கு எட்டு வயசு. நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தோம். அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் பெரியப்பா. எங்கள் தலைக்கு மேல் ஓடு போட்டுக் கொடுத்தவரும் பெரியப்பா. இந்த இரண்டையும் அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவருக்காகப் பெரியம்மா சொல்லிவிடுவாள்.

புதுச்சேரியில் பிரஞ்சுச் சர்க்காரிடம் சேவகம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்பார்கள். பட்டாளத்தில் இருந்தாரா, துப்பாக்கி தூக்கினாரா என்று யாரும் தோண்டிக் கேட்பதில்லை. பெரியப்பா எங்கள் தெருவின் சொல்தா. வெள்ளைக் கால்சட்டை, கார்க்குத் தொப்பி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயிலில் முன் வரிசையில் ஒரு நாற்காலி. பென்ஷன் வந்த கையோடு அவர் வாங்கிய வீட்டில் ஓடு பழசு, சுவர் பழசு, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆனால் வீட்டுக்கு முன்னால் நாலு குடும்பம் குடிசை போட்டுக்கொள்ளலாம் போல ஒரு வெற்றிடம் கிடந்தது. அதற்காகத்தான் வாங்கினேன் என்றார். அங்கே அவர் கத்தரிக்காய் போடுவார் என்று தெரு நினைத்தது. பெரியம்மா வாழை என்று நினைத்தாள். அவர் புல் போடப் போகிறேன் என்றார்.

சைகோனில் சிறை அதிகாரியின் பங்களாவுக்கு முன்னால் ஒரு புல்தரை இருந்ததாம். அவர் அதை கஸோன் என்பார். அதன் ஓரத்தில் நின்றுதான் இருபது வருஷம் காவல் பார்த்தார். அதில் கால் வைக்கக் காவலாளிக்கு அனுமதி கிடையாது. கால் வைத்த ஒருவனுக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். பெருமை எதில் என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. அப்படிப்பட்ட ஒரு தரை இனி தனக்குச் சொந்தம். அதில் மற்றவர்கள் கால் வைக்கக்கூடாது.

முதலில் புல்தான் படாத பாடு படுத்தியது. நோணாங்குப்பம் கழியோரத்திலிருந்து பத்தை பத்தையாக வெட்டி வண்டியில் ஏற்றி வந்தார். பச்சைப் பசேலென்று ஒரு வாரம் இருந்தது, பிறகு வைக்கோலாயிற்று. அப்புறம் வாய்க்கால் வரப்புகளில் அருகம்புல்லைப் பிடுங்கிவந்து கணுக் கணுவாக நட்டார். அருகு வருவதற்கு முன்னால் கோரை வந்தது. கோரையைப் பிடுங்கினால் அடியில் கிழங்கு அறுந்து தங்கி, ஒன்றுக்கு மூன்றாக வந்தது. அம்மாவின் மாட்டுச் சாணத்தை எருவாகப் போட்டார்கள். மாடு தெருவில் தின்ற செடிகள் அத்தனையும் அந்த எருவில் உயிரோடு இருந்தன போலிருக்கிறது. குப்பைமேனியும் நெருஞ்சியும் கும்பலாக முளைத்தன. பெரியப்பா காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து களை பிடுங்குவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, சொல்தா எதையோ தொலைத்துவிட்டார் போல என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

தண்ணீர் ஊற்றியது அம்மா. காலையில் கிணற்றிலிருந்து இறைத்து, சாயங்காலமும் இறைத்து. யாரும் அவளைச் சொல்லவில்லை. அவளாகவே குடத்தை எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அம்மா செய்த வேலைகளில் யாராவது சொல்லிச் செய்தது ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருவழியாக அருகு பிடித்துத் தரை மூடியபோதுதான் அந்த மிஷின் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் கட்டிலையும் கண்ணாடியையும் கேட்டார்கள். பெரியப்பா இதைக் கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இரும்புச் சக்கரம், நடுவில் முறுக்கிவிட்டாற்போல ஐந்து கத்தி, பின்னால் ஒரு மர உருளை, ஆள் மார்பு உயரத்துக்குக் கைப்பிடி. தள்ளினால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் கத்தி சுற்றும். முன்னால் பித்தளைத் தகட்டில் பிரஞ்சு எழுத்துகள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பெரியப்பாவுக்குப் பிரஞ்சு பேச வரும், படிக்க வராது. ஒரு சொல்லும் அர்த்தம் தெரியாமல் நான் சத்தமாகப் படித்தேன். தெரு கை தட்டியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அன்றிலிருந்து அந்த மிஷின் மேல் எனக்கு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது.

தெரு முனையில் கடை போட்டிருந்த நாவிதர் மிஷினைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா சொல்தா, எனக்குப் போட்டியாவா எறக்கியிருக்கீங்க? தரைக்கு முடி வெட்டினா அது காசு குடுக்குமா?"

பெரியப்பா சிரிக்கவில்லை. தள்ளுவண்டி ஆள்தான் பதில் சொன்னான். அந்த வெள்ளைக்காரர் வீட்டில் வாரா வாரம் இதை ஓட்டுவார்களாம், வெட்டின புல்லைக் கூடை கூடையாக அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டுவார்களாம். அம்மா நம்பவில்லை. புல்லையா, குழியிலா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, இந்த வீட்டில் அந்தப் பாவம் நடக்காது என்று சொல்லிவிட்டுக் கூடை எடுக்க உள்ளே போனாள்.

அம்மாவிடம் ஒரு பசு இருந்தது. அது மட்டும்தான் அவளுடையது. கதிர்காமத்தில் ஒரு மாட்டுக்காரரின் கிடாரியைப் பங்கு வாரத்துக்கு வளர்த்துக் கொடுத்து, அது ஈன்ற கன்றைத் தன் பங்காக வாங்கி, அதையும் வளர்த்துப் பசுவாக்கியிருந்தாள். செவலை நிறம். பால் மூன்று வீட்டுக்குப் போயிற்று. அப்போதுதான் அது சினை பிடித்திருந்தது, கறவையும் நிற்கவில்லை. ஒரு நாள் கறந்துகொண்டே அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: அடுத்த ஈற்று ஆனதும் முத்தியால்பேட்டையில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் போய்விடலாம், இரண்டு மாடு இருந்தால் யாருக்கும் குடம் தூக்க வேண்டாம், யாரிடமும் சொல்லாதே. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் போக விருப்பமில்லை. முத்தியால்பேட்டையில் மிஷின் கிடையாது.

மிஷினும் சுலபத்தில் வசப்படவில்லை. பனி ஈரத்தில் ஓட்டினால் புல் கத்தியில் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். வெயில் ஏறி ஓட்டினால் பெரியப்பாவுக்கு மயக்கம் வரும். கோரைத் தண்டு கத்திக்குத் தலை குனிந்து வழிவிட்டு, மிஷின் போனபிறகு நிமிர்ந்து நிற்கும். சின்னக் கல் மாட்டினால் பல்லைக் கூசவைக்கும் சத்தம். கடல் காற்றில் இரும்பு ஒரு வாரத்தில் துரு பிடித்தது. துருவுக்கு விளக்கெண்ணெய் போட்டார். எண்ணெய்க்கு எறும்பு வந்தது. ஒரு பக்கம் திருகாணியை இறுக்கினால் தரை மொட்டையாயிற்று, தளர்த்தினால் ஒன்றுமே வெட்டவில்லை. சில நாள் அவர் நடுத் தரையில் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, சைகோனில் இப்படி இல்லை, சைகோனில் இப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். சைகோனில் அதை ஓட்டியது அவரல்ல, கைதிகள்.

ஆனாலும் வெட்டி முடித்த தரை அழகாக இருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன். சாயங்காலம் பெரியப்பா நாற்காலியை அதன் ஓரத்தில் போட்டுக்கொண்டு உட்காருவார். ஓரத்தில்தான். வேலை செய்கிற நேரம் தவிர அவரும் அதில் காலை வைத்து நடந்ததில்லை. வெட்டும்போதுகூடச் செருப்பைக் கழற்றிவிடுவார். அம்மா வெட்டின புல்லைக் கையால் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோவாள். மாட்டுக்கு அது விருந்து. மற்ற நாளில் அது கட்டுத்தறியில் நின்றபடி வாசல் பச்சையையே பார்த்துக்கொண்டிருக்கும். தெரு ஆடுகளும் அப்படியே பார்த்தன. இரண்டொரு தரம் உள்ளேயும் வந்தன. அதனால் பெரியப்பா சுற்றிலும் குச்சி நட்டு, சாரம் கட்டுகிறவர்களிடம் வாங்கிய மெல்லிய கட்டுக்கம்பியை இரண்டு வரி இழுத்துக் கட்டினார். தினம் தண்ணீர் தெளித்ததில் அந்தக் கம்பி மிஷினைவிடச் சீக்கிரம் துரு ஏறிச் சிவந்துபோயிற்று.

ஆனி மாசம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது ஒரு சேதி வந்தது. சைகோனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: பெரியப்பாவின் பழைய அதிகாரி அடுத்த கப்பலில் பிரான்சுக்குப் போகிறார், கப்பல் இங்கே ஒரு நாள் நிற்கும். பெரியப்பா அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கப் போவதாகச் சொன்னார். ஷெப்பு, ஷெப்பு என்று வீடு முழுக்க அதே பேச்சாயிற்று. ஷெப் என்றால் மேலதிகாரி. அன்று மத்தியானம் பெரியப்பா கொட்டிலுக்கே வந்து அம்மாவிடம் பேசினார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"ஷெப்பு ஒரு வார்த்த சொன்னா தம்பி வேல நெரந்தரமாயிடும். நான் கேக்கறேன். நீ கவலப்படாத. வீடு மட்டும் வீடா இருக்கணும்."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உங்க புண்ணியம் மாமா" என்றாள்.

அதற்கப்புறம் அவள் மூன்று வேளை தண்ணீர் ஊற்றினாள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கயிற்றில் இன்னொரு கயிறு கட்டி இறைத்தாள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க எங்கள் வாசல் மட்டும் பச்சையாக இருந்தது.

ஷெப் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கொட்டில் நாற்றம் வாசலுக்கு வருகிறது என்று பெரியம்மாவுக்குப் பட்டது. அம்மா பால் கொடுக்கப் போயிருந்தாள். கொட்டிலைக் கழுவிவிடுவதற்காகப் பெரியம்மா மாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து வாசல் பக்கத்து முருங்கையில் கட்டினாள். மாடு வளர்த்தவர்கள் யாரும் முருங்கையில் கட்ட மாட்டார்கள். எதிரே எட்டும் தூரத்தில் பச்சை. மாடு ஒரு இழுப்பு இழுத்தது; கிளை மளுக்கென்று முறிந்தது. கிளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது வேலிக்குள் போயிற்று. குச்சிகள் சாய்ந்தன, கம்பி கிளையில் சுற்றிக்கொண்டு தரை முழுக்க இழுபட்டு அறுந்தது. பெரியப்பா ஓடிவந்து தன் தொப்பியாலேயே அதை அடித்தார். அடித்தும் அது தலையைத் தூக்கவில்லை. பல மாதம் பார்த்துக்கொண்டிருந்ததல்லவா.

அம்மா திரும்பிவந்தபோது மாடு கொட்டிலில் இருந்தது. பெரியப்பா தரையில் குந்தி உட்கார்ந்து கம்பியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிடித்து இழுத்த இடத்திலெல்லாம் அது முறுக்கு மாதிரி உதிர்ந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி, விளக்குமாற்றால் ஒரு தரம் பெருக்கினார். அம்மா எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா கேட்காமலே சொன்னாள்.

"உன் மாடு பண்ணிவெச்ச கோலத்தப் பாரு சின்னவளே. நாளைக்குத் தம்பிக்கு வேல கெடைக்கலன்னா மாட்டத்தான் கேக்கணும்."

அவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் குழி விழுந்த இடங்களில் மண்ணைப் போட்டு மிதித்துச் சமப்படுத்தினாள். அந்தத் தரையில் அவள் அப்படி மிதித்து நின்றது எனக்கு விநோதமாக இருந்தது.

மறுநாள் பெரியப்பா மிஷினை ஓட்டினார். பாதித் தரை வரைக்கும் வழக்கமான சத்தம். பிறகு ஒரு கிறீச்சல், மிஷின் நின்றது. பின்னால் இழுத்துத் திரும்பத் தள்ளினார். மறுபடி கிறீச்சல். குனிந்து பார்த்து, இரண்டு கத்தியில் விளிம்பு பெயர்ந்துபோயிருக்கிறது என்றார். மாட்டின் பிறப்பைப் பற்றி ஏதோ பிரஞ்சில் சொன்னார். ஆனால் நேரமில்லை. சத்தத்தோடு சத்தமாக மிச்சத்தையும் ஓட்டி முடித்தார். விளிம்பு பெயர்ந்த இடத்தில் புல் வெட்டுப்படாமல் வரி வரியாக நின்றது. அம்மா அரிவாளைக் கொண்டுவந்து முட்டி போட்டு அந்த வரிகளை ஒன்றொன்றாக அறுத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். கூடை நிரம்பி வழிந்தது. முந்தின நாள் அடிபட்ட மாட்டுக்கு அவள் அதைத் தன் கையாலேயே, பிடி பிடியாக, வாயில் ஊட்டினாள்.

ஷெப் மறுநாள் வந்தார். கப்பலிலிருந்து படகில் கடற்பாலத்துக்கு வந்து இறங்கி, அங்கிருந்து ஆள் தள்ளும் புஷ் வண்டியில் பெரியப்பாவே அழைத்துவந்தார். பருத்த கிழவர். சிவந்த கழுத்து. வண்டியை விட்டு இறங்கினார்; வாசலைப் பார்த்தார்; ஓரத்தில் கல் பாவிய நடைபாதையைப் பெரியப்பா கை காட்டிக்கொண்டிருக்க, அவர் நேரே புல்லின் நடுவில் பூட்ஸ் காலோடு நடந்து நிழலுக்கு வந்தார். பெரியப்பாவின் கை காட்டியபடியே சிறிது நேரம் நின்றது. பிறகு அவர் கல்பாவல் வழியாகவே சுற்றிக்கொண்டு வந்தார்.

ஷெப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெயில் எப்படி, மீன் என்ன விலை என்று கேட்டார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். பெரியம்மா கொண்டுபோய் வைத்தாள். ஷெப் அதை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்து பால் நன்றாயிருக்கிறது என்றார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் மாடு என்றார். எனக்கு அந்த அளவுக்குப் பிரஞ்சு தெரியும். நான் உள்ளே ஓடி, பெரியப்பா நம் மாட்டை எங்கள் மாடு என்று சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லட்டும், அப்பா விஷயம் பேசினாரா பார் என்று அம்மா என்னைத் திருப்பி அனுப்பினாள். நான் நிலைப்படியில் நின்று கடைசி வரை கேட்டேன். அப்பாவின் பெயர் வரவில்லை. எனக்குத் தெரியாத பிரஞ்சில் பேசியிருப்பார் என்று நினைத்து, பேசினார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா நாலு வருஷம் கழித்து, தற்காலிகமாகவே இருந்து தற்காலிகமாகவே வேலை போய்த் திரும்பிவந்தபோது ஒரு விஷயம் சொன்னார். அந்த ஷெப் அப்போதே பென்ஷன் வாங்கிக்கொண்டு கடைசியாக ஊருக்குப் போனவர். அவர் சொன்னால் கேட்க அங்கே ஆள் இல்லை. கப்பலில் வந்த சேதியிலேயே அதுவும் இருந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவருக்கு அந்தத் தரையை ஷெப்பிடம் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஷெப் போன மூன்றாம் நாள் மாடு தீனியை விட்டது. முதலில் சினை மந்தம் என்றார்கள். முதுகைக் கூன் போட்டுக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்து நின்றது. படுக்கவில்லை. நெடுநேரம் நின்று களைத்து, படுக்கப் போய், முனகிக்கொண்டு மறுபடி எழுந்துவிடும். இஞ்சியும் மிளகும் அரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினார்கள். கதிர்காமத்து மாட்டுக்காரர் வந்து பார்த்து விலாவில் சூடு போட்டார். அம்மா அந்தோணியார் பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றி, மந்திரித்த உப்பு வாங்கிவந்து நாக்கில் தடவினாள். பால் வற்றியது. மூன்று வீட்டுக்காரர்களும் வேறு இடத்தில் பால் வாங்கிக்கொண்டார்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சு வீங்கித் தொங்கிற்று. பெரியம்மா தினம் ஒரு தரம் கொட்டில் வாசலில் வந்து நின்று, கண்டதையும் போட்டிருப்பாய் என்று சொல்லிவிட்டுப் போவாள். நல்ல புல்லைத் தவிர அது ஒன்றும் தின்னவில்லை அக்கா என்று அம்மா ஒரே ஒரு தரம் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்தபோது மாடு செத்துக் கிடந்தது. வயிற்றில் கன்றும் சேர்ந்துதான்.

தோல் எடுக்கிறவர் மகனோடு வந்து அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர் திரும்பிவந்தார். தோலுக்கு உண்டான காசை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பூவரச இலையை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒன்றும், அதைவிடச் சின்னதாக ஏழெட்டும், சிவந்த கம்பித் துண்டுகள். இரண்டு முனையும் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது.

"வவுத்துலேர்ந்து குத்திகினு நெஞ்சுக்குப் போயிருக்குதும்மா. ஈரக்கொலை பக்கமெல்லாம் சீழு. பாவம், ரொம்ப வேதனப்பட்டிருக்கும். கம்பிய எங்கம்மா துன்னுச்சி?"

அம்மா இலையை வாங்கிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்துவந்து அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மா, இது நம்ம வேலிக் கம்பி, மிஷின்தான் இப்படி வெட்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கை என் வாயில் இருந்தது. அந்தக் கையில் இரும்பு வாசனை அடித்தது.

பெரியப்பா அந்தத் துண்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏதோ சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. அவர் முகம் அன்று இருந்த மாதிரி பிறகு நான் பார்த்ததில்லை. அம்மாவும் காத்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். அவர் சொன்னது வேறு.

"வேலியப் பிச்சது மாடுதானே."

சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனார். அம்மா, "ஆமாம் மாமா" என்றாள்.

வீட்டில் அதற்குப் பிறகு அதுவே வழக்காயிற்று. வேலியைப் பிய்த்தது மாடு. அதனால் மிஷின் கெட்டது. மாடு செத்தது அதன் வினை. பெரியப்பா மிஷினைச் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோனார். முறுக்கின கத்திக்குச் சாணைக்கல் ஒத்துவராது என்று அவர் கையை விரித்துவிட்டார். கடைசியில் மில்லில் பிட்டர் வேலை பார்த்த ஒருவர் அதைக் கழற்றி, மாவரைத்த மாதிரிப் பொடியும் எண்ணெயும் போட்டு ஒவ்வொரு கத்தியாகத் தீட்டிக் கொடுத்தார். அது திரும்பிவந்த அன்று பெரியம்மா கொட்டில் பக்கம் வந்தாள். இப்போது அங்கே மாடு இல்லாததால் விறகு அடுக்கியிருந்தது. பிட்டருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னாள். இவர் உன்னிடம் கேட்க மாட்டார், நான்தான் சொல்கிறேன், தம்பி வேலை இன்னும் இவர் கையில்தான் இருக்கிறது என்று சொன்னாள். அம்மா உள்ளே போய்க் காசை எடுத்துவந்து கொடுத்தாள். அவள் அப்படிக் கொடுத்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது. நம் மாடும் போய், காசும் நாம்தான் கொடுப்பதா என்று கேட்டேன். அம்மா சரிந்திருந்த விறகை எடுத்து அடுக்கினாள்.

நான் இன்னொன்றும் கேட்டேன். அப்படியானால் முத்தியால்பேட்டைக்குப் போக மாட்டோமா?

"போவலடா. இங்கியேதான்" என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து பெரியம்மா அடுப்படிக்கு வருவது நின்றுபோயிற்று என்பதையோ, அம்மாவை வீட்டுக்கு வருகிறவர்களிடம் தம்பி மனைவி என்று அறிமுகப்படுத்துவதும் மெல்ல நின்றுபோயிற்று என்பதையோ நான் கவனிக்க வெகுநாள் ஆயிற்று. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாங்கள் போகவில்லை. மிஷின் இங்கே இருக்கிறது. கத்தி புதுசு போல மின்னுகிறது. பெரியப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்ததால் இனி நான்தான் தள்ள வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் சந்தோஷத்தில் வாசலுக்கு ஓடினேன். ஓடுகிறவனை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

கத்தி தீட்டின கூலி இரண்டே கால் ரூபாய். மாட்டுத் தோல் ஒன்றரை ரூபாய்க்குப் போயிருந்தது. மீதி பன்னிரண்டணாவை, முத்தியால்பேட்டை அறைக்கு முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்த பால் காசிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தாள்.